எல்லை தாண்டும் கையெழுத்து

தமிழ்நாட்டுக் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்து இஞ்சிவிளைக்குள் நுழையும்போது முதலில் மாறுவது கடைப்பலகைகளின் எழுத்து. அடுத்தது லாட்டரி. தமிழ்நாடு 2003-ல் தடை செய்த லாட்டரி, கேரளத்தில் அரசே நடத்தும் தொழில். அதனால் எல்லையை ஒட்டிய கடைகளிலேயே வண்ணச் சீட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. பெட்ரோல் விலை மாறுகிறது, பேருந்தின் நிறம் மாறுகிறது. பேச்சு மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. பாறசாலைச் சந்தையில் ஒரே ஆள் வாழைக்குலைக்குத் தமிழில் விலை சொல்லி, மலையாளத்தில் பேரம் பேசி, மறுபடியும் தமிழில் வியாபாரத்தை முடிப்பதைக் கேட்கலாம்.

அவர் மீதி கொடுக்கும் நோட்டும் மாறுவதில்லை. அதன் பின்புறத்தில் 15 மொழிகள் அடுக்கிய கட்டத்தில் மலையாளம் ஏழாவது வரி, தமிழ் பதின்மூன்றாவது வரி. முன்புறத்தில் ஒரே ஒரு கையெழுத்து, மும்பையில் இருக்கும் ரிசர்வ் வங்கி ஆளுநருடையது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் விளவங்கோட்டு வயல்களுக்கு வருவதில் இரண்டு மாநிலங்களுக்கும் நீண்ட வழக்கு உண்டு. ரூபாய் எல்லை தாண்டுவதில் அப்படி எந்த வழக்கும் இல்லை.

மத்திய வங்கியைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டன், வாஷிங்டன், மும்பை என்று பெரிய கட்டடங்களைத் தேடிப் போவதே வழக்கம். ஆனால் அது என்ன செய்கிறது, எப்போது செய்யத் தவறுகிறது என்பதை அறிய, பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகப் பூவார்க் கடற்கரை வரை போகும் இந்தச் சின்னச் சாலை போதும். இந்தியாவின் வங்கிச் சட்டத்தில் இன்றைக்கு ஏழை எளியவர்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு ஒன்று, பழைய திருவிதாங்கூர் மண்ணில் சேமிப்பை இழந்தவர்களின் அனுபவத்திலிருந்து வந்தது.

இந்த எல்லைக்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1 வரை களியக்காவிளையும் பாறசாலையும் ஒரே ஆட்சியில்தான் இருந்தன. அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஆக, களியக்காவிளை ஒருபோதும் பணத்தின் எல்லையாக இருந்ததில்லை. அந்த எல்லை கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. அதற்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் பிரிட்டிஷ் ரூபாய். இப்பால் சக்கரம்.

16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். அந்த அரைச் சக்கர வித்தியாசத்திலேயே இரு அரசுகளின் உறவு அடங்கியிருந்தது. தனக்கென்று நாணயச்சாலை வைத்திருந்த சமஸ்தானம், தன் காசின் மதிப்பைப் பெரிய அரசின் காசோடு கட்டி வைத்திருந்தது. பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது, விரலால் எண்ணி மாளாது. குழிகள் வரிசையாகக் குடைந்த மரப்பலகையில் கொட்டிக் குலுக்கி, குழிகள் நிறைந்ததும் மிச்சத்தைத் தள்ளிவிட்டு எண்ணினார்கள். சக்கரப்பலகை என்று பெயர். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து இந்தியக் கணக்குக்குள் வந்தபோது சக்கரத்தின் காலம் முடிந்தது.

பாறசாலைச் சந்திப்பில் நின்று பார்த்தால் கண்ணில் படும் பலகைகளில் நகைக்கடன் நிறுவனங்களின் பலகைகளே முந்திக்கொண்டு நிற்கின்றன. நகையை அடகு வைப்பதை இங்கே பணயம் என்பார்கள். நாட்டின் பெரிய நகைக்கடன் நிறுவனங்கள் பல கேரளத்தில் முளைத்தவை. பிள்ளையின் படிப்பு, வீட்டுக்குக் கான்கிரீட், படகுக்கு இன்ஜின், வளைகுடாவுக்கு விசா என்று எதற்கும் முதலில் இறங்குவது கழுத்துச் சங்கிலிதான். அந்தச் சங்கிலிக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. நகை மதிப்பில் 75 சதவீதம் என்பது பல ஆண்டுகளாக ரிசர்வ் வங்கி வைத்திருந்த உச்சவரம்பு. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், வங்கிகளுக்கு மட்டும் அதை 90 சதவீதம் வரை தளர்த்தி, 2021 மார்ச் வரை அனுமதித்தது. 2025 ஏப்ரலில் நகைக்கடனுக்குப் புதிய வரைவு விதிகள் வந்தபோது தமிழ்நாட்டில் விவசாயிகளிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஜூனில் வந்த இறுதி விதிகளில் இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான சிறு கடன்களுக்கு 85 சதவீதம் வரை தரலாம் என்று வரம்பு உயர்ந்தது. மும்பையில் எழுதிய ஒரு பத்தி பாறசாலையில் ஒரு பவுனுக்குக் கிடைக்கும் காசைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

நகையைப் பணயம் வைக்கும் இந்தச் சாலையில் நிற்கும்போது நாகர்கோவிலில் பிறந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. எஸ். வெங்கிடரமணன் 1931-ல், நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் பிறந்தவர். 1985 முதல் 1989 வரை நிதித்துறைச் செயலாளர். ஒரு ரூபாய் நோட்டை மட்டும் இந்திய அரசே வெளியிடுவதால் அதில் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுவார். அப்படி அவர் கையெழுத்து முதலில் ஒரு ரூபாய் நோட்டில் வந்தது. 1990 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஆளுநரானதும் மற்ற நோட்டுகளிலும் வந்தது. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நேரம் மிக மோசமானது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. சுமார் 1.7 லட்சம் இந்தியர்களை விமானங்களில் ஏற்றி வர வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பகுதி மலையாளிகள். பூவார், விழிஞ்ஞம், கொல்லங்கோடு பக்கத்து வீடுகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய கைகள் வெறுங்கையாகத் திரும்பின. எண்ணெய் விலை ஏறியது. வெளிநாட்டு இந்தியர்கள் வங்கிகளில் போட்டிருந்த டாலரை எடுக்கத் தொடங்கினார்கள். சில வாரங்களுக்கான இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அந்நியச் செலாவணி நாட்டின் கையில் மிஞ்சியது.

1991 மே மாதம் ஸ்டேட் வங்கி 20 டன் தங்கத்தை வெளிநாட்டில் கொடுத்துப் பணம் திரட்டியது. ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு படிகளாகக் குறைக்கப்பட்டது. டாலருக்கு 21 ரூபாய் என்றிருந்தது 26 அருகே போனது. அதே மாதம் ரிசர்வ் வங்கி தன் சொந்தத் தங்கத்தில் சுமார் 47 டன்னை வெளியே அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கியது. நாட்டுக்கே அவமானம் என்று அன்று பலர் கொதித்தார்கள். நகையைப் பணயம் வைத்துப் பழகிய கரையோர வீட்டுக்கு அதில் அவமானம் தெரிந்திருக்காது. நகை இருப்பதே இந்த நாளுக்காகத்தான், மீட்பது நம் பொறுப்பு என்ற கணக்கு அங்கே எல்லோருக்கும் தெரியும். கடன் அந்த ஆண்டு முடிவதற்குள் அடைக்கப்பட்டது. 2009-ல் சர்வதேச நாணய நிதியம் விற்ற தங்கத்தில் 200 டன்னை இந்தியா வாங்கியது. 2023-24-ல் இங்கிலாந்தில் இருந்த தங்கத்தில் 100 டன்னை ரிசர்வ் வங்கி நாட்டுக்குக் கொண்டு வந்தது. வெங்கிடரமணன் 2023 நவம்பரில் காலமானார். நெருக்கடியில் தலை குனிந்தாவது கடனைத் தவறாமல் கட்டிய அந்த முடிவுக்கு இந்தத் தெற்குச் சீமை அவரைப் பெருமையோடு நினைக்க வேண்டும்.

பாறசாலையை விட்டு உதியன்குளங்கரை தாண்டினால் அமரவிளை. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு இங்கிருந்த வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கும். அங்கே நெய்யாற்றைக் கடந்தால் நெய்யாற்றின்கரை.

இந்த ஊருக்கு 1938-ஆம் ஆண்டு மறக்க முடியாதது. திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி கேட்டு ஸ்டேட் காங்கிரஸ் போராடிய ஆண்டு அது. திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் அடக்குமுறையால் பதில் சொன்னார். ஆகஸ்ட் 31 அன்று, தலைவர் என்.கே. பத்மநாப பிள்ளை கைதானதை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் என்று இன்றும் ஊர் நினைக்கும் இளைஞர் அதில் உயிரிழந்தார்.

அதே ஆண்டு ஜூனில் ஒரு வங்கிச் சரிவும் நடந்தது. அதைத் துப்பாக்கிச் சூட்டின் அளவுக்கு யாரும் நினைப்பதில்லை. கே.சி. மாம்மன் மாப்பிள்ளையின் டிராவன்கோர் நேஷனல் வங்கியும் சி.பி. மத்தனின் குயிலான் வங்கியும் 1937-ல் ஒன்றாகச் சேர்ந்து, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாக எழுந்தன. சமஸ்தானத்துக்கு உள்ளேயும் பிரிட்டிஷ் இந்தியாவிலும் கிளைகள். சில மாதங்களில் வதந்தி பரவியது. பணம் போட்டவர்கள் கிளைகளுக்கு முன் திரண்டார்கள். 1938 ஜூன் 21 அன்று வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. பின்னர் அதைக் கலைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாம்மன் மாப்பிள்ளையும் மத்தனும் கைதானார்கள். மாம்மன் மாப்பிள்ளை நடத்திய மலையாள மனோரமா நாளிதழும் அந்த ஆண்டே மூடப்பட்டது.

திவான் அரசியல் பகையால் வங்கியைச் சாய்த்தார் என்று ஒரு தரப்பு சொல்லும். கடன் கொடுத்த விதத்திலேயே ஓட்டை இருந்தது என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டுக்கும் சான்று காட்டுவோர் உண்டு. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அப்போது நாட்டுக்கு ஒரு மத்திய வங்கி இருந்தது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ல் தொடங்கி மூன்று வயதுக் குழந்தை. சர் ஜேம்ஸ் டெய்லர் ஆளுநர். உதவி கேட்டு வந்த வங்கிக்கு அது கைகொடுக்கவில்லை.

கைகொடுத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு உலகம் லண்டனில் விடை தேடத் தொடங்கியிருந்தது. 1866-ல் ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் விழுந்து லண்டனே கலங்கிய பிறகு, பத்திரிகையாசிரியர் வால்டர் பேஜட் 1873-ல் வெளியிட்ட ‘லொம்பார்ட் ஸ்ட்ரீட்’ நூலில் ஒரு விதியைத் தெளிவாக வகுத்தார். பீதி வந்தால் மத்திய வங்கி தயங்காமல் கடன் தர வேண்டும், நல்ல பிணை வாங்கிக்கொண்டு, வட்டியைக் கூட்டி வைத்து. கையில் ரொக்கம் மட்டும் குறைந்துபோன நல்ல வங்கி இதில் பிழைக்கும். உள்ளேயே உளுத்த வங்கி விழும். சிக்கல் என்னவென்றால், பீதியின் நடுவில் எது நல்லது, எது உளுத்தது என்று சொல்வது கடினம். அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் 1930-க்கும் 1933-க்கும் இடையில் தயங்கி நின்றதில் சுமார் 9,000 வங்கிகள் விழுந்தன. 1938-ல் நம் ரிசர்வ் வங்கியிடம் வங்கிகளைத் துருவிப் பார்க்கும் அதிகாரம் போதுமானதாக இல்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க முடியாதவர் பிணைக் கையெழுத்துப் போடத் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. சேமிப்பு போனவருக்கு அந்த நியாயத்தால் ஒரு பயனும் இல்லை.

இந்தச் சரிவும் இதைத் தொடர்ந்த பல சிறு வங்கிச் சரிவுகளும் சட்டத்தை நெருக்கின. 1949-ல் வங்கி நிறுவனங்கள் சட்டம் வந்தது. உரிமம் கொடுப்பதும் ஆய்வு நடத்துவதும் ரிசர்வ் வங்கியின் கைக்கு வந்தன. அப்படியும் பாடம் முழுமையாகவில்லை. 1960 ஆகஸ்ட் 8 அன்று கேரளத்தின் பெரிய வங்கியான பாலா சென்ட்ரல் வங்கியைக் கலைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1938-ல் ஒதுங்கி நின்ற நிறுவனம் இம்முறை கதவைத் தானே சாத்தியது. மாநிலம் முழுக்கப் பீதி பரவியது. மறுபடியும் ஒரு தலைமுறையின் சேமிப்பு மாட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அந்த நல்ல காரியம் நடந்தது. 1961-ல் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1962 ஜனவரி 1 முதல் காப்பீட்டுக் கழகம் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கா 1933-ல் இதைச் செய்திருந்தது. அதற்கு அடுத்து நாடு முழுமைக்கும் இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்த நாடுகளில் இந்தியா முதல் வரிசையில் நின்றது. ஒரு வங்கி மூழ்கினால் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை நிச்சயம் என்று தொடங்கிய அந்தக் காப்பு, 1993-ல் ஒரு லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் 5 லட்சமாகவும் உயர்ந்தது. முடக்கப்பட்ட வங்கியின் வாடிக்கையாளருக்கு 90 நாளுக்குள் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை மக்கள் எடுத்தார்கள். பெரும்பாலும் இணையம் வழியாக. பீதியின் வேகம் கூடியிருக்கிறது, 1938-ல் கிளை வாசலில் நின்றவர்களின் பயம் அப்படியே இருக்கிறது.

நெய்யாற்றின்கரையிலிருந்து தென்மேற்கே பிரியும் சாலை தென்னந்தோப்புகளுக்கும் மரச்சீனிக் கொல்லைகளுக்கும் நடுவே இறங்கிப் பூவாரில் முடிகிறது. அகத்தியமலையில் பிறந்த நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடி இங்கே கடலைச் சேர்கிறது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் மஞ்சள் மணல் திட்டு. மழைக்காலத்தில் பொழிமுகம் திறந்து ஆறு பாய்ந்து போகும், கோடையில் மணல் மூடிவிடும். அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாப் படகுகள் நுழைந்து நுழைந்து வெளியே வருகின்றன. 1860-ல் திருவிதாங்கூர் அரசு குமரி நோக்கி வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய் இங்கிருந்துதான் புறப்படுகிறது. முழுதாக முடியாமல் போன திட்டம் அது. கொல்லங்கோடு, நீரோடி பக்கம் பல இடங்களில் இன்று பாசி படர்ந்து கிடக்கிறது. சரக்கோடு சேர்ந்து வியாபாரமும் இந்தக் கரையோரம் ஓட வேண்டும் என்ற கனவு அந்தப் பாசிக்குக் கீழே இருக்கிறது.

பூவார் ஒரு காலத்தில் வணிகத் துறைமுகம். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்களின் பகைக்குத் தப்பி வந்த இளவரசர் மார்த்தாண்டவர்மாவுக்கு இங்கிருந்த வணிகர் போக்கு மூசா மரைக்காயர் அடைக்கலம் தந்தார், போர்ச் செலவுக்குப் பணமும் கொடுத்தார் என்பது ஊர்க்கதை. 1729-ல் அரியணை ஏறிய அவர், 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். கதையின் நுணுக்கங்கள் எப்படியிருந்தாலும் அதன் சாரம் உலகெங்கும் நடந்தது. 1694-ல் பிரான்சோடு போரில் இருந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியமுக்கு லண்டன் வணிகர்கள் 12 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகக் கிடைத்த உரிமைதான் இங்கிலாந்து வங்கி. அதற்கும் முன்னால் 1668-ல் ஸ்வீடன் தன் வங்கியைத் தொடங்கியிருந்தது. அரசனுக்குப் பணம் கொடுக்கும் வணிகன் என்ற இடத்திலிருந்து, அரசு கேட்டாலும் மறுக்கக்கூடிய நிறுவனம் என்ற இடத்துக்கு மத்திய வங்கிகள் வந்து சேர இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. இந்தியாவில் அரசு கேட்டபோதெல்லாம் ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கருவூலப் பத்திரம் வாங்கி நோட்டு அச்சிட்டுத் தரும் ஏற்பாடு 1997-ல்தான் நின்றது.

மறுக்க முடியாத மத்திய வங்கி என்ன ஆகும் என்பதை அறியக் கடலைத் தாண்டிப் பார்த்தால் போதும். இலங்கை மத்திய வங்கி 1950-ல், ஜான் எக்ஸ்டர் என்ற அமெரிக்கரை முதல் ஆளுநராகக் கொண்டு தொடங்கியது. கோவிட் காலத்தில் அரசின் செலவுக்கு அது பெருமளவில் பணம் அச்சிட்டது. டாலர் தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அந்த செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட சுமார் 70 சதவீதம் ஏறியிருந்தது. யாழ்ப்பாணத்து மீனவர் மண்ணெண்ணெய் இல்லாமல் படகைக் கரையில் கட்டினார்கள். 2023-ல் வந்த புதிய சட்டம், அரசுக்கு நேரடியாகப் பணம் அச்சிட்டுத் தருவதை அந்த வங்கிக்குத் தடை செய்தது.

மண்ணெண்ணெய் பூவார்க் கடற்கரைக்கும் உயிர். வெளியே மாட்டும் இன்ஜின் வைத்த வள்ளங்கள் பலவும் அதில்தான் ஓடுகின்றன. டாலருக்கு எதிரே ரூபாய் சரிந்தால் எரிபொருள் விலை ஏறும், கடலுக்குப் போகும் செலவு கூடும். ஆனால் அதே சரிவு அடுத்த வீட்டுக்கு நல்ல செய்தி. அந்த வீட்டுப் பிள்ளை துபாயிலோ சவூதியிலோ இருப்பான். அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது. சவூதி ரியால் 3.75. அதனால் டாலர் ஒரு ரூபாய் ஏறினால் ஆயிரம் திர்ஹாமுக்கு ஏறத்தாழ 272 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வரும். ஒரே கடற்கரையில், ஒரே நாளில், ஒரு வீட்டில் லாபமும் ஒரு வீட்டில் நட்டமும்.

கட்டிப்போட்ட நாணயம் வைத்திருப்பவர்களுக்கு வட்டி விகிதத்திலும் சுதந்திரம் கிடையாது. 2022-23-ல் ஃபெடரல் ரிசர்வ் வட்டியைச் சுழியத்தின் பக்கத்திலிருந்து 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியபோது வளைகுடா மத்திய வங்கிகள் அடியொற்றி ஏற்றின. 2013 மே மாதம் ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரம் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று சொன்ன ஒரு பேச்சிலேயே ரூபாய் ஆட்டம் கண்டது. டாலர் 55 ரூபாயிலிருந்து ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. திர்ஹாம் 15 ரூபாயிலிருந்து 18-ஐ மீறியது. செப்டம்பரில் ரகுராம் ராஜன் ஆளுநரானதும், வெளிநாட்டு இந்தியர்களின் டாலர் வைப்புகளை வங்கிகள் திரட்ட ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்து, சில மாதங்களில் சுமார் 3,400 கோடி டாலரைக் கொண்டு வந்தது. நாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் கேரளத்தின் பங்கு 2023-24-ல் 19.7 சதவீதம், தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம் என்கிறது ரிசர்வ் வங்கியின் கணிப்பு. எல்லையின் இரு பக்கத்தையும் சேர்த்தால் சுமார் 30 சதவீதம். ரிசர்வ் வங்கியின் கையிருப்பைத் தாங்கும் தூண்களில் இந்தக் கரையோர மனிதர்களும் ஒன்று. அந்த மரியாதை அவர்களுக்கு நிதிப் பக்கங்களில் கிடைப்பதில்லை.

கடலோரத்தில் கரமடி வலை இழுத்து ஏறும் மீன் அங்கேயே ஏலம் போகிறது. முன்பெல்லாம் ஏலம் விடுபவரே கடனும் கொடுப்பார், மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதே. அந்தப் பிடியை உடைக்க 1980-ல் திருவனந்தபுரத்தில் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பும், 1984-ல் அரசின் மத்ஸ்யஃபெட்டும் வந்தன. மீனவர் தங்கள் சங்கம் வழியே மீனை விற்று, அதிலிருந்தே கடனைக் கழித்து, கொஞ்சம் சேமிக்கவும் செய்தார்கள். ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, ரெப்போ வட்டி என்று செய்தியில் வருவது, இந்தக் கரைக்கு நேராக வருவதில்லை. பாறசாலையில் வங்கிக் கடனில் வீடு கட்டியவருக்கு அது, வங்கிகள் வீட்டுக்கடன் வட்டியை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்ட வேண்டியதான 2019 அக்டோபருக்குப் பிறகு, சில மாதங்களிலேயே தவணையில் தெரியும். பூவாரில் நாள் வட்டிக்கு வாங்கிய மீன்காரிக்கு ரெப்போ கால் சதவீதம் குறைந்தது தெரியவே தெரியாது. அவளுக்கும் மும்பைக்கும் நடுவில் இருப்பது கூட்டுறவுச் சங்கமும் சிட்டி எனப்படும் சீட்டும்தான்.

அந்தச் சங்கம் எவ்வளவு முக்கியம் என்பது 2016 நவம்பரில் எல்லோருக்கும் தெரிந்தது. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8 இரவு அறிவிப்பு வந்ததும், வங்கிக்கு முன் வரிசை நீண்டது. தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பழைய நோட்டை மாற்றித் தர அனுமதி இல்லை. கேரளத்தில் கிராமத்துச் சேமிப்பில் பெரும்பகுதி இருந்ததே அவற்றில்தான். நவம்பர் 18 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் தன் அமைச்சர்களோடு திருவனந்தபுரம் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாகிரகம் இருந்தார். ஒரு மாநில முதல்வர் மத்திய வங்கியின் வாசலில் உட்கார்ந்த அந்தக் காட்சி உலகிலேயே அரியது. நோட்டை அச்சிடும் அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கடைசிக் கிராமம் வரை கொண்டு சேர்க்கும் கைகளை மதிக்கவும் வேண்டும் என்பதே அன்று அங்கே எழுந்த புகார். அது நியாயமான புகார்.

2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், இத்தகைய சங்கங்கள் தங்கள் பெயரோடு ‘வங்கி’ என்று போட்டுக்கொள்வதைத் தடுத்தது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி, இவற்றில் போடும் பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது என்று பொதுமக்களை எச்சரித்தது. கேரளத்தில் பலர் அதைக் கூட்டுறவின் மீதான தாக்குதலாகப் பார்த்தார்கள். ஆனால் அதே 2021-ல் திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூரில் மோசடி வெளிப்பட்டு, பணம் போட்டவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்புக்காக அலைந்தார்கள். மாநில அரசு கூட்டுறவு வைப்புத்தொகை உத்தரவாத நிதி ஒன்றை நடத்துகிறது. அந்த ஏற்பாடு நல்லதே. என்றாலும் 1938-லும் 1960-லும் இந்த மண் கொடுத்த விலைக்குக் கிடைத்த தேசியக் காப்பு அதைவிட வலுவானது. பூவாரில் காலையில் மீன் விற்று, மதியம் சங்கத்துக் கவுண்டரில் 500 ரூபாய் கட்டிவிட்டுப் போகும் பெண்ணின் கணக்கு அந்தக் காப்புக்குள் இன்னும் வரவில்லை. சங்கங்களின் கணக்குகளை ஒழுங்காகத் தணிக்கை செய்து, உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு, அவற்றையும் உள்ளே சேர்ப்பதற்கான வழியை மாநிலமும் ரிசர்வ் வங்கியும் உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை, எந்த வைப்புக்கு யார் பொறுப்பு, எந்தத் தொகை வரை என்பதைச் சங்கத்தின் வாசலில் மலையாளத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.